ஆறாவது அறையின் மழை

றம்ஸியாவின் வீட்டில் மூன்றாவது அறை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முளைத்தது. அன்று முல்லைத்தீவுக் கடற்கரையில் சூடை மீன் கிலோ முந்நூறு ரூபாவுக்குப் போனது, தேங்காய் அறுபது. சீமெந்தோ மணலோ மேசன் கூலியோ அந்த அறைக்குப் போகவில்லை. விடிய எழும்பிக் கிணற்றடிக்குப் போன அவள் புருசன் ஜவ்பர், நேற்றுவரை முருங்கைமரம் நின்ற இடத்தில் ஒரு சுவர் நிற்பதைக் கண்டு, மரம் எங்கே போனது என்றுதான் முதலில் தேடினான். மரம் கொஞ்சம் தள்ளி, காய்களோடு, ஒன்றும் நடக்காதது போல நின்றது. அது இருக்கிறது என்று நிச்சயமான பிறகுதான் அவன் அறையைப் பார்த்தான்.

அந்த வரிசையில் உள்ள வீடுகள் எல்லாம் மீளக் குடியேறின ஆட்களுக்கென்று கட்டிக்கொடுத்தவை. எல்லாம் ஒரே அச்சு. ஒரு விறாந்தை, ஒரு ஹோல், இரண்டு அறை, பின்னால் ஒரு குசினி. கரண்ட் நின்றுபோன நாட்களில் பிழையான வீட்டுக்குள் போய், பிழையான கதிரையில் இருந்துகொண்டு தேத்தண்ணி கேட்ட ஆம்பிளைகள் உண்டு. அப்படிப்பட்ட வரிசையில் ஒரு வீட்டுக்கு மட்டும் ஓர் அறை கூடினால் கண்ணில் படாமல் போகுமா? பக்கத்து வீட்டுப் பத்மாசனி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன றம்ஸியா, சத்தமில்லாமல் மேசன் பிடிச்சிருக்கிறியள்? சொல்லியிருந்தால் நாங்களும் ஒண்டு போட்டிருப்பமே."

"நாங்க ஒண்டும் போடல்ல அக்கா. அது தானா வந்திட்டுது."

"ஓமோம். அப்பிடியே எங்கட வீட்டுக்கும் ஒருக்கா வந்திட்டுப் போகச் சொல்லு."

அறைக்குள் போனால் உப்பு மணத்தது. முல்லைத்தீவின் உப்பு இல்லை, வெயிலில் கட்டிபட்டுக் கிடக்கும் உப்பளத்தின் உப்பு. எங்கோ ஒரு கழுதை கத்தியது. றம்ஸியாவுக்கு அந்த மணத்தைத் தெரியும். இடம்பெயர்ந்து போய்ப் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருபது வருசம் அந்த மணத்துக்குள்ளேதான் அவள் வளர்ந்தாள், கலியாணம் முடித்தாள், நஸ்மியாவைப் பெற்றாள். முதல்நாள் பின்னேரம்தான் மகள் நஸ்மியா, உயர்தரம் படிக்கிற பிள்ளை, உம்மாவுக்கு பேஸ்புக் திறந்து கொடுத்து, சாச்சியின் மகள் ஸாஜிதாவைத் தேடிப் பிடித்துச் சேர்த்துவிட்டிருந்தாள். ஸாஜிதா கல்பிட்டிப் பக்கம் கலியாணம் முடித்துப் போன பிறகு ஒரு தொடர்பும் இல்லாமல் இருந்தவள். அன்று காலை அவள் போனில், "ராத்தா, இஞ்ச காத்து என்ன மாதிரி அடிக்குது தெரியுமா" என்று சொன்ன அதே நேரம், புது அறையின் யன்னல் சேலை எழும்பி றம்ஸியாவின் முகத்தில் அடித்தது. அந்த அறை ஸாஜிதாவைச் சேர்த்ததால் வந்தது என்று அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது. விளங்கினதும் ஜவ்பர் மீன் எடுக்கக் கடற்கரைக்குப் போனான், நஸ்மியா பள்ளிக்கூடம் போனாள்.

ஊரின் கிராம அலுவலர், விதானையார் நிரோஜன், அடுத்த கிழமை அளக்கிற நாடாவோடு வந்தார். வவுனியா நெளுக்குளத்துப் பிள்ளை, வேலைக்கு வந்து கனகாலம் ஆகவில்லை. அளந்தார், தட்டிப் பார்த்தார், அனுமதி எடுத்தீர்களா என்று கேட்டார். எடுக்கவில்லை, கட்டவும் இல்லை என்றார்கள். அவரிடம் இருந்த தாளில் 'புதிதாகக் கட்டியது' என்று ஓர் இடமும் 'திருத்தியது' என்று ஓர் இடமும் இருந்தன. முளைத்தது என்று இல்லை. தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை யோசித்துவிட்டு, 'பார்வையிடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அதற்குப் பிறகு முளைத்த எல்லா அறைகளுக்கும் அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது.

நாலாவது அறை கட்டாரில் லொறி ஓடுகிற அஸ்வருக்கு உரியது. முல்லைத்தீவுப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக் கடைசி வாங்கில் இருந்து காகித அம்பு விட்டவன். அவன் அறை திறந்தால் அடுப்பு வாய் போல அனல் அடிக்கும், வாசலில் எந்நேரமும் மணல் ஒரு பிடி குவிந்திருக்கும். மாரி காலத்தில் கருவாடு காயாமல் முழு ஊரும் தவித்தபோது, ஜவ்பர் அந்த அறையில் கயிறு கட்டிக் கருவாடு காயப்போட்டான். ஐந்தாவது அறை கனடாவில் இருக்கும் விமலேஸ்வரிக்கு. அவளும் அதே வகுப்பு. அந்த அறையில் மார்கழி முழுக்க முகட்டிலிருந்து பனி கொட்டியது. ஜவ்பர் மீன்பெட்டியை அதற்குள் வைத்துவிட்டு, ஐஸ் வாங்குவதை நிற்பாட்டினான். இங்கே பகல் என்றால் அங்கே இருட்டாதலால், மத்தியானத்தில் ஒரு கண் உறங்க நினைப்பவர்கள் போர்வையோடு அந்த அறைக்குப் போவார்கள். பத்மாசனி பேரப்பிள்ளையின் பிறந்தநாள் கேக்கை அங்கேதான் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகும்போது, தானும் கனடாவில் பதினாறு பேரைச் சேர்த்து வைத்திருப்பதாகவும் தன் வீட்டுச் சுவர் ஓர் அங்குலமும் அசையவில்லை என்றும் குறைப்பட்டாள். ஏன் றம்ஸியாவின் வீட்டுக்கு மட்டும் வந்தது என்று யாருக்கும் தெரியாது. கோடையில் ஐஸ் இல்லாமல் போனதும் ஜவ்பர், "நோர்வேப் பக்கமும் ஆரும் உன்னோட படிச்சவங்க இருக்காங்களா பாரு" என்றான்.

றம்ஸியா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவள் தேடியது நோர்வேக்காரரை இல்லை. பேஸ்புக் திறந்த முதல்நாளிலிருந்து அவள் நஸ்மியாவைக் கொண்டு எழுதித் தேடுவித்த பெயர் ஒன்றுதான். ஜெயரூபி.

ஜெயரூபி அவளோடு ஒரே வாங்கில் இருந்தவள். கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில் வீடு. பச்சைப் பெயின்ற் பூசின கதவு, அதன் கீழ்ப் பலகையில் ஆடு முட்டி உண்டான ஒரு பள்ளம். நோன்பு காலத்தில் றம்ஸியா வீட்டுக் கஞ்சி வாளி அந்தக் கதவுக்குப் போகும், தைப்பொங்கலன்று அந்தக் கதவிலிருந்து புக்கை வரும். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், ஊரில் இருந்த முஸ்லிம் ஆட்கள் எல்லாரையும் வெளிக்கிடச் சொன்னார்கள். சொன்னவர்களின் தோளில் குண்டு போட்ட துவக்கு இருந்தது. என்ன எடுக்கலாம், என்ன எடுக்கக் கூடாது என்பதையும் அவர்களே சொன்னார்கள். பெரிய ஆட்கள் நகையையும் காணி உறுதியையும் நினைத்து அழுதுகொண்டிருக்க, பதினொரு வயது றம்ஸியாவுக்கு நினைவு வந்தது ஜெயரூபியிடம் இரவல் வாங்கிய குடை. அடுத்தவர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பயணம் போகக்கூடாது என்று உம்மா சொல்லியிருக்கிறா. அவள் மழையில் ஒழுங்கையால் ஓடி, அந்தப் பச்சைக் கதவைத் தட்டினாள். திரும்பத் திரும்பத் தட்டினாள். கதவுக்கு அந்தப் பக்கத்தில் ஒருவர் மூச்சு விடுவது கேட்டது. கதவு திறக்கவில்லை. குடையைக் கதவு வளையத்தில் கொழுவிவிட்டு, நனைந்துகொண்டே திரும்பி வந்து லொறியில் ஏறினாள். சந்தியில் லொறியை மறித்து மூட்டைகளை அவிழ்த்துப் பார்த்தவர்களுக்குள் ஜெயரூபியின் அண்ணன் ஜெயந்தனும் நின்றான், றம்ஸியா வீட்டுக் கஞ்சியைக் குடித்து வளர்ந்தவன். அவன் றம்ஸியாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பிள்ளைகளே, இத்தனை வருசத்தில் மனிசர் என்னென்னவோ மறந்துவிடுகிறார்கள். லொறியை மறித்ததைக்கூட றம்ஸியா மெல்ல மெல்ல மனதின் ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டாள். அந்தக் கதவை மட்டும் அவளால் ஒதுக்க முடியவில்லை. தட்டியது அவளுக்குக் கேட்டதா? மூச்சு விட்டவள் அவள்தானா? ஊருக்குத் திரும்பி வந்த முதல்நாளே ஒழுங்கைக்குப் போய்ப் பார்த்தாள். வீடு இருந்த இடத்தில் எருக்கலையும் உடைந்த அத்திவாரமும் கிடந்தன. கேட்பதற்கு ஒரே ஓர் ஆள்தான், அந்த ஆள் உயிரோடு இருக்கவேண்டும்.

இல்லை என்றாள் விமலேஸ்வரி. கனடாவில் இருந்து வீடியோவில் கதைக்கும்போது, குரலைத் தாழ்த்தி, "அவா கடைசிச் சண்டையுக்குள்ள போயிட்டா எண்டுதான் இங்க கதை. நீ சும்மா தேடித் தேடி உன்னை வருத்தாதை" என்றாள். பத்மாசனியும் அதைத்தான் சொன்னாள். அவள் அந்தக் கடைசி மாதங்களை பங்கருக்குள் இருந்து கடந்தவள், அதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் பகிடி விடுவதில்லை. "கடைசியில ஆர் வந்தது, ஆர் வராமல் விட்டது எண்டு எங்களுக்கே தெரியாது, தங்கச்சி. தெரியாததை நல்லதெண்டும் நினைக்கேலாது."

றம்ஸியா தேடினாள். ஜெயரூபி என்ற பெயரில் இருந்த பெண்கள் எல்லாரையும் நஸ்மியா காட்டினாள். ஒருத்தி இருபது வயதுக்காரி, ஒருத்தி மலேசியாக்காரி, ஒருத்தி சேலைக்கடை. இதற்கிடையில், முகம் போடாத ஆட்கள் யாராவது நண்பராகக் கேட்டால் சேர்க்கவே வேண்டாம் என்று றம்ஸியா மகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கள்ள எக்கவுண்டாக இருக்கும், காலம் கெட்டுக் கிடக்கு. அவளுடைய சொந்த எக்கவுண்டிலும் முகம் இல்லை. முகத்தைப் போடுவது சரியில்லை என்று ஒரு ரோசாப்பூவைப் போட்டு, பெயரையும் 'நஸ்மியாட உம்மா' என்றுதான் வைத்திருந்தாள். அது வேறு கதை என்பது அவள் எண்ணம்.

ஆறாவது அறை மாசி கடைசியில் வந்தது. மற்ற அறைகளைப் போல இல்லாமல் அது பூட்டியபடி வந்தது. பச்சைக் கதவு, கீழ்ப் பலகையில் பள்ளம். றம்ஸியா அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். தள்ளிப் பார்த்தார்கள், உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. நஸ்மியாவைக் கூப்பிட்டு நேற்று யாரைச் சேர்த்தாய் என்று கேட்டபோது, பிள்ளை பயந்துபோய், நண்பராகக் கேட்டுக் கனநாள் தேங்கிக் கிடந்த ஆட்களையெல்லாம் ஒரேயடியாகச் சேர்த்துவிட்டதாகச் சொன்னாள். அதற்குள் செவ்வரத்தம்பூப் படத்தோடு 'கஜேந்தினி அம்மா' என்று ஒன்று இருந்தது. கேட்டு இரண்டு வருசம் ஆகியிருந்தது. ஒரு ரோசாப்பூவும் ஒரு செவ்வரத்தம்பூவும் இரண்டு வருசமாக ஒன்றையொன்று கள்ளர் என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கின்றன.

'நீ ஜெயரூபியா?' என்று எழுதினார்கள். பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது, பதில் வரவில்லை. கோல் எடுத்தால் மணி அடித்து ஓய்ந்தது. ஆனால் றம்ஸியா எதைப் போட்டாலும், கருவாட்டுப் படமானாலும் பெருநாள் வாழ்த்தானாலும், கொஞ்ச நேரத்தில் செவ்வரத்தம்பூ வந்து ஒரு 'லைக்' போட்டுவிட்டுப் போகும்.

ஊர் அந்த அறையின் பக்கவாட்டு யன்னலால் எட்டிப் பார்த்தது. உள்ளே வெறும் சீமெந்து நிலம். பனி இல்லை, மணல் இல்லை, கழுதை இல்லை. காற்றும் இல்லை. முல்லைத்தீவில் ஓயாமல் அடிக்கிற கடல்காற்று அந்த யன்னல் கம்பியோடு நின்றுவிடும். ஓர் ஆணியைக்கூட ஆறு மாதத்தில் தின்றுவிடுகிற ஊரில், அந்தக் கம்பியின் உட்பக்கம் துருப்பிடிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் ஆட்கள் முடிவு கட்டினார்கள். உயிரோடு இருக்கிறவருக்கு ஒரு வெயிலோ ஒரு காற்றோ இருக்கும், மௌத்தான ஆளுக்கு ஏது? எக்கவுண்டைப் பிள்ளை நடத்துகிறதாக்கும். "அப்ப அந்த லைக்கையும் பிள்ளைதான் போடுதா?" என்று றம்ஸியா கேட்டாள். "ஓம் தங்கச்சி, இந்தக் காலத்துப் பிள்ளையள் ஆருக்கும் போடுங்கள்" என்றாள் பத்மாசனி, அவள் தோளைத் தொட்டுக்கொண்டு. ஜவ்பர் மட்டும், பின்னேரங்களில் மனிசி அந்தக் கதவடியில் பாயைப் போட்டு இருந்து மீன் வெட்டுவதைப் பார்த்தும் பாராமல் இருந்தான்.

சித்திரையில் வன்னியில் பின்னேர மழை பெய்யும். அது ஒழுங்கான மழை இல்லை. இந்த வளவில் பெய்யும், அடுத்த வளவில் வெயில் எறிக்கும். அப்படி ஒரு நாள், முல்லைத்தீவில் ஒரு முகில் துண்டுகூட இல்லாத நேரம், ஆறாவது அறையின் கதவுக்குக் கீழால் தண்ணீர் வந்து றம்ஸியாவின் பாயை நனைத்தது. ஓடிப்போய் யன்னலால் பார்த்தாள். முகட்டிலிருந்து கொட்டுகிறது மழை. நிலத்தில் மண் மணம் எழும்புகிறது, எங்கோ தவளை கத்துகிறது. அவள் போனை எடுத்து, புதுக்குடியிருப்புப் பக்கம் மீன் விற்றுக்கொண்டு நின்ற ஜவ்பருக்கு அடித்தாள்.

"இஞ்சப் பாருங்க, அவ ஹயாத்தோட, உசிரோட இருக்கிறா!"

"ஆரு?"

"ஜெயா. உள்ள மழை பெய்யுது. அங்க மழையா?"

"இஞ்ச வெயில் மண்டையப் பிளக்குது." ஜவ்பர் கையால் கண்ணுக்கு மறைப்புக் கட்டி வானத்தைப் பார்த்தான். "மேற்கால கறுத்துக் கிடக்கு. பரந்தன் பக்கமா இருக்கும்."

அவன் மோட்டார்சைக்கிளின் பின்னால் பெட்டியில் பாதி மீன் விற்காமல் கிடக்க, முகிலைப் பார்த்து ஓட்டினான். அன்று பரந்தன் போய்ச் சேர மழை விட்டுவிட்டது. அடுத்த நாளும் போனான், அதற்கடுத்த நாளும் போனான். போனை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஊராக நின்று கேட்டான். "நான் கிளிநொச்சிச் சந்தியில. இஞ்ச தொடங்கிட்டுது. அங்க?" "இன்னும் இல்ல." "இப்ப?" "இப்பதான் ஒரு துளி." "அப்ப முகில் என்னத் தாண்டிப் போகுது, விடு, நானும் போறன்." மீன் பழுதாகப் போகிறதென்று ஒரு கடைக்காரர் அவனிடம் சொன்னபோது, மழை தேடுகிறேன் என்று பதில் சொன்னான். சித்திரை வெயிலில் அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று கடைக்காரர் விட்டுவிட்டார்.

அக்கராயன் தாண்டி, ஸ்கந்தபுரத்துக்குள் போகும்போதுதான் இரண்டு மழையும் ஒன்றாக வந்தன. அவன் தலையில் விழுந்த முதல் துளியோடு அறைக்குள் முதல் துளி விழுந்தது. இங்கே ஒரு தரம் ஓய்ந்து திரும்பப் பிடித்தபோது அங்கேயும் ஓய்ந்து பிடித்தது. வயல் வெட்டி முடிந்த ஊர், ஒழுங்கைகள் எல்லாம் ஒரே மாதிரி, எந்த வீடென்று கண்டுபிடிப்பது? மீன்காரனுக்குத் தெரிந்ததைத்தான் ஜவ்பர் செய்தான். ரப்பர் ஹோர்னைப் பிடித்து அமத்தினான்.

"கேட்டதா?"

"என்ன கேட்டதா?" என்று போனில் சொன்ன றம்ஸியா, மறுநொடி வாயைப் பொத்தினாள். யன்னலுக்கு உள்ளே, மழைச் சத்தத்துக்கு அப்பால், தூரத்தில் ஒரு மீன்காரனின் ஹோர்ன் கேட்டது. அவள் புருசனின் ஹோர்ன். கொஞ்சம் தொண்டை கட்டினதுபோல ஒலிப்பது, வேறு யாருக்கும் அப்படி இல்லை.

"கேட்குது. தூரமா."

அவன் அடுத்த ஒழுங்கைக்குத் திரும்பினான். "இப்ப?" "குறைஞ்சிட்டுது, திரும்புங்க." திரும்பினான். "இப்ப?" "கிட்ட." "இப்ப?" "இன்னும் கிட்ட. அமத்துங்க, அமத்திக்கொண்டே வாங்க." முல்லைத்தீவில் வெயில் எறித்துக்கொண்டிருந்தது. பத்மாசனியும் நஸ்மியாவும் வந்து றம்ஸியாவின் பின்னால் நின்றார்கள். யன்னலுக்குள் ஹோர்ன் காது கிழியக் கத்தியது. பிறகு, அந்த அறைக்குள், மழைக்குள், ஒரு பெண் குரல் கேட்டது.

"மீன்காரண்ணை! இந்த மழையுக்குள்ள என்ன மீன் கொண்டுவந்து ஊரையே கூப்பிடுறியள்?"

முப்பத்திச் சொச்சம் வருசத்துக்குப் பிறகு கேட்கிற குரல். தடித்திருந்தது, கொஞ்சம் கரகரத்திருந்தது. ஆனால் பகிடி விடும்போது கடைசிச் சொல்லை இழுக்கிற இழுப்பு மாறவில்லை.

"விளைமீன் கிடக்கு தங்கச்சி, சூடை கிடக்கு" என்றான் ஜவ்பர். தலையில் உரப்பையைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பேசினோடு படலையில் நின்றாள் அந்தப் பெண். "முல்லைத்தீவு மீன்."

"முல்லைத்தீவோ." பேசின் கொஞ்சம் இறங்கியது. "முல்லைத்தீவில எந்தப் பக்கம்?"

ஜவ்பர் பிளாஸ்டிக் பையோடு போனை எடுத்து நீட்டினான். "இந்தாங்க. இதில கேட்டுப் பாருங்க."

"ஜெயா" என்றாள் றம்ஸியா.

உரப்பைக்குள்ளால் அந்தப் பெண் போனைக் காதோடு சேர்த்துக்கொண்டாள்.

"ஜெயா, நான் தட்டினது கேட்டதா?"

றம்ஸியா போனைக் காதில் வைத்திருந்தாலும், பதில் முதலில் யன்னலால் வந்தது, பிறகுதான் போனால் வந்தது. "கேட்டது."

றம்ஸியா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கதவுக்குப் பின்னாலதான் நிண்டனான், றம்ஸி. தாழ்ப்பாளில கை வைச்சுக்கொண்டு நிண்டனான். அண்ணா சந்தியில துவக்கோட நிக்கிறார் எண்டு எனக்குத் தெரியும். நான் திறந்து எந்த முகத்தைக் காட்டுறது? நீ போன பிறகுதான் குடையை எடுத்தனான். நீ திரும்பி வந்திட்டாய் எண்டும் எனக்குத் தெரியும். எத்தினை தரம் முல்லைத்தீவு பஸ்ஸில ஏறிப்போட்டு இடையில இறங்கினனான். பேஸ்புக்கில உன்னைக் கண்டு, சேர்க்கச் சொல்லி அமத்திப்போட்டும் பயந்து செத்தனான்."

"இப்பவும் முகத்தைக் காட்டாமத்தானே இருக்கிறாய். செவ்வரத்தம்பூவ வெச்சுக்கொண்டு."

"நீ மட்டும் என்ன? ரோசாப்பூ."

ஜவ்பர் பிறகு ஊரில் சொன்னான்: அந்த நேரம் அவள் சிரித்தாளா அழுதாளா என்று அந்த மழையில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இங்கே யன்னலடியில் நின்றவர்களுக்கும் றம்ஸியாவைப் பற்றி அப்படித்தான். பத்மாசனி மட்டும் நல்லாகவே அழுதாள்.

"ஜெயா, கதவைத் திற."

"எந்தக் கதவை?"

"உன்ர கதவத்தான். என்ர வீட்டில வந்து கிடக்கு. உள்பக்கத்தால பூட்டியிருக்கு."

ஜெயரூபி அதற்கு ஆச்சரியப்படவில்லை. "அது இறுக்கமான தாழ்ப்பாள். தூக்கித்தான் இழுக்கோணும்" என்றாள். பேசினைக் கீழே வைத்தாள். உரப்பை வழுகி விழுந்ததைக் கவனிக்காமல், வெறும் மழைக்குள் வலக்கையை உயர்த்தி, எதையோ பிடித்து, தூக்கி, பக்கமாக இழுத்தாள். முல்லைத்தீவில் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. பச்சைக் கதவு தன் பாரத்தில் தானே உட்பக்கமாகப் போனது. கதவின் பின்பக்கத்து ஆணியில், கம்பி ஒன்று வளைந்து, ஒரு குடை தொங்கியது. றம்ஸியா அதை எடுத்து விரித்துப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனாள். அதற்குள் நின்று அவர்கள் கதைத்த மிச்சக் கதையை வெளியில் நின்றவர்கள் யாரும் கேட்கவில்லை. ஜவ்பரின் போனில் சார்ச் முடிந்த பிறகும் அவர்கள் கதைத்தார்கள் என்பது மட்டும் தெரியும். அன்று மிஞ்சியிருந்த மீனை ஜெயரூபியின் ஒழுங்கை முழுக்க வாங்கிவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஜெயந்தன் தொண்ணூற்றேழில் இறந்துவிட்டான். அவனிடம் கேட்கவேண்டியது கேட்கப்படாமலே கிடக்கிறது, அதற்கு அறை ஒன்றும் முளைக்கவில்லை. ஆனால் பெருநாளுக்கு ஜெயரூபி மகள் கஜேந்தினியோடு ஒரு மூட்டை அரிசி கொண்டு வந்தாள், பஸ்ஸை விட்டு இடையில் இறங்காமல். ஆறாவது அறை வாசலில் நின்று, கதவின் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். தன் வீட்டிலும் ஓர் அறை வந்திருக்கிறது என்று அப்போதுதான் சொன்னாள். கதவே இல்லாத அறை, எந்நேரமும் கடல்காற்று. அவள் புருசன் உழவு மிசினின் உதிரிகளை அதற்குள் வைத்து, எல்லாம் துருப்பிடித்து, இப்போது அங்கே நெல்லுக்கூடை மட்டும்தான் வைக்கிறார்களாம். விதானையார் நிரோஜன் வந்து, கதவு திறந்திருப்பதைக் கண்டு, தன்னுடைய தாளில் மறுபடியும் 'பார்வையிடப்பட்டது' என்று எழுதினார்.

இப்போது அந்த அறைக்கு ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. மாசியில் ஸ்கந்தபுரத்தார் வெட்டின நெல்லைத் தார் றோட்டில் பரப்பிக் காயப்போடுவார்கள். ஜெயரூபி குசினியில் நின்றால் முதல் துளி விழுவது தெரியாது, நெல் நனைந்துவிடும். றம்ஸியாவுக்குத் தெரியும். கதவடியில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது, அறைக்குள் சீமெந்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால், கையைக்கூடக் கழுவாமல் போனை எடுப்பாள்.

"ஜெயா, உள்ள தூறுது. நெல்ல அள்ளு."

"அள்ளுறன், அள்ளுறன்" என்று குரல் யன்னலால் ஒருதரமும் போனால் ஒருதரமும் வரும். றம்ஸியா பாயைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு, மிச்ச மீனை வெட்டுவாள்.